'ற' போய் 'ர' வந்த கதை: பரையா என்றொரு ஆங்கிலச் சொல்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சற்றுத் திருத்தப்பட்டது.)

இந்த எபிசோட் ஒரு மன்னிப்புல இருந்து ஆரம்பிக்குது.

சில வாரங்களுக்கு முன்னாடி எண்ணெய் அரசியல் பத்தி ஒரு எபிசோட் பண்ணோம், ஞாபகம் இருக்கும். அதுல உலக நாடுகள் ஒதுக்கி வைக்கிற ஒரு நாட்டை ஆங்கிலப் பத்திரிகைகள் எப்படிச் சொல்றாங்களோ, அப்படியே நானும் சொன்னேன். 'பரையா ஸ்டேட்'. திரும்பக் கேட்டப்போ எண்ணிப் பார்த்தேன். நாலு தடவை சொல்லியிருக்கேன். சொன்னப்போ எனக்கு ஒண்ணுமே தோணல.

ரெண்டு நாள் கழிச்சு ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. செங்கல்பட்டு பக்கத்துல இருந்து, காலேஜ் படிக்கிற ஒரு தம்பி. கோபமா எல்லாம் பேசல. ரொம்ப நிதானமாத்தான் பேசினார். "அண்ணா, அந்த வார்த்தை எங்க தாத்தாவோட அப்பா பேருக்குப் பின்னாடி ஒரு பழைய பத்திரத்துல எழுதியிருக்கு. அவரு எந்த நாட்டு மேலயும் குண்டு போடலண்ணா."

அவ்வளவுதான். நாற்பது செகண்டுகூட இருக்காது. நான் அதைப் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன்.

நான் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவன் இல்ல. இந்தச் சொல்லை யாரும் என் மேல வீசினது இல்ல. அதனாலதான் அவ்வளவு சுலபமா என் வாயில வந்துச்சு. சரி, ஒரு தமிழ்ச் சொல் எப்படி ஆங்கிலத்துக்குப் போச்சு, அங்க என்ன ஆச்சு, எந்த அர்த்தத்தோட திரும்பி என் மைக் வரைக்கும் வந்துச்சுன்னு தேட ஆரம்பிச்சேன். தேடினதைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

முதல்ல வில்லன்

'பரையா'வுக்குப் போறதுக்கு முன்னாடி நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச இன்னொரு சொல்லைப் பார்த்துடலாம். வில்லன். எம்.என்.நம்பியார் காலத்துல இருந்து நம்ம வீட்டுச் சொல் அது.

லத்தீனில் 'வில்லா' என்றால் பண்ணை வீடு. அந்தப் பண்ணையைச் சேர்ந்தவன் 'வில்லானுஸ்'. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, நிலப்பிரபுவின் நிலத்தோடு கட்டப்பட்ட குடியானவனை 'வில்லெய்ன்' என்றார்கள். 1086இல் எடுத்த டூம்ஸ்டே கணக்கில் மிக அதிக எண்ணிக்கையில் பதிவானவர்கள் இவர்கள்தான். அதாவது அன்றைய இங்கிலாந்துக்குச் சோறு போட்டவர்கள். சில நூற்றாண்டுகளில் இந்தச் சொல்லுக்கு நாகரிகம் தெரியாதவன் என்ற பொருள் வந்தது. பிறகு கெட்டவன், அயோக்கியன் ஆனது. உழுதவனின் பெயர் கொலைகாரனின் பெயராக முடிந்தது.

இது ஒரு சொல்லோட விபத்து இல்ல. 'நேவ்'னு ஒரு பழைய ஆங்கிலச் சொல் உண்டு. அயோக்கியன்னு அர்த்தம். முதல்ல அதுக்குப் பையன், வேலைக்காரப் பையன்னுதான் அர்த்தம். எதிர்ப்பக்கம் பாருங்க. 'நோபிள்', 'ஜென்டில்' ரெண்டுமே உயர்குடியில பிறந்தவங்களைக் குறிச்ச சொற்கள். அதுவே நல்ல குணத்துக்கும் பேரா ஆயிடுச்சு.

எழுத்தாளர் சி.எஸ்.லூயிஸ் 1960இல் வெளியிட்ட சொல்லாராய்ச்சி நூலில் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். அந்தஸ்தைச் சொன்ன சொற்கள் மெல்ல ஒழுக்கத்தைச் சொல்லும் சொற்களாக மாறுகின்றன என்பது அவர் கருத்து. மேலே இருப்பவன் நல்லவன், கீழே இருப்பவன் கெட்டவன். இதை யாரும் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. எழுத்தும் சட்டமும் யார் கையில் இருக்கிறதோ, அவர்கள் பேசப்பேச அது படிந்துவிடுகிறது.

'பரையா'வுக்கும் இதுதான் நடந்துச்சு. ஆனா ஒரு பெரிய வித்தியாசம். இன்னைக்கு இங்கிலாந்துல 'நான் வில்லெய்ன் சமூகம்'னு சொல்ல ஒருத்தர்கூட இல்ல. அந்தக் கூட்டமே கலைஞ்சு போச்சு. பறையர் சமூகம் அப்படி இல்ல. அவங்க இங்கதான் இருக்காங்க. இந்த எபிசோடைக் கேட்டுக்கிட்டு இருக்காங்க.

பறையும் சேரியும்

பறை என்பது தோற்கருவி. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் பேசுவதற்கு அதுதான் சொல். தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் கருப்பொருள்களை அடுக்கும்போது பறையையும் ஒன்றாகச் சேர்க்கிறது. குறிஞ்சிக்கு ஒரு பறை, நெய்தலுக்கு ஒரு பறை. புறநானூற்றின் 335ஆம் பாட்டில், சொல்லத் தகுந்த குடிகள் என்று நான்கு பெயர்கள் வருகின்றன. அதில் பறையன் ஒன்று. அங்கே அந்தப் பெயரோடு இழிவு எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

அடுத்து பதினோராம் நூற்றாண்டுத் தொடக்கத்துக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோவிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளில், கிராமங்களில் வரி போடாமல் விட்ட நிலங்களின் பட்டியல் உண்டு. ஊர்நத்தம், சுடுகாடு, அவற்றோடு பறைச்சேரி. தீண்டாச்சேரி என்ற சொல்லும் அங்கே இருக்கிறது. ஊர் தனி, சேரி தனி என்று கல்லில் வெட்டியாகிவிட்டது.

இடையில என்ன நடந்துச்சுங்கிறது ஒரு தனி எபிசோட். இப்போதைக்கு ஒண்ணை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. பறையர்னா பறை அடிக்கிறவங்கன்னு சொல்லி முடிச்சிடறாங்க இல்லையா, அது முழு உண்மை இல்ல. அந்தச் சமூகத்துல பெரும்பாலானவங்க விவசாயக் கூலிகள். உழுதவங்க, நட்டவங்க, அறுத்தவங்க. செங்கல்பட்டு மாதிரி ஊர்கள்ல நிலத்தோட சேர்த்துக் கட்டப்பட்டவங்க. இந்தியாவில் அடிமை முறைக்குச் சட்ட அங்கீகாரத்தை நீக்கிய சட்டம் 1843இல் வந்தது. அதற்குப் பிறகும் பண்ணையாள் வாழ்க்கை மாறிவிடவில்லை.

வில்லெய்ன் கதையும் இதுதானே? நிலம் இல்லாம நிலத்தோட கட்டப்பட்ட உழைப்பாளிகள்.

கப்பல் ஏறிய சொல்

சுமார் 1516இல் துவார்த்தே பார்போசா என்ற போர்ச்சுகீசியர் தென்னிந்தியக் கரையில் தான் பார்த்ததை எழுதுகிறார். அதில் தாழ்ந்தவர்களாக வைக்கப்பட்ட ஒரு கூட்டத்தாரை 'பரேயாஸ்' என்கிறார். ஆங்கிலத்தில் இந்தச் சொல் 1613இல், சாமுவேல் பர்சஸ் தொகுத்த பயண நூலில் தலை காட்டுகிறது.

'பறையர்'ங்கிற சொல் கப்பல் ஏறினப்போ ரெண்டு விஷயத்தை இழந்துச்சு. ஒண்ணு அந்த 'ற'. அவங்க நாக்குல அது 'ர' ஆயிடுச்சு. இன்னொண்ணு கடைசியில இருக்கிற 'ர்'. தமிழ்ல அந்த 'ர்' பலரையும் குறிக்கும், மரியாதையையும் குறிக்கும். அது உதிர்ந்து 'பரையா'ன்னு நின்னுச்சு. வேணும்னு யாரும் செய்யல, ஒலி மாற்றம்தான். ஆனா அடுத்து நடந்ததைப் பார்த்தா, அந்த 'ர்' உதிர்ந்தது பொருத்தமாத்தான் தோணுது.

அடுத்த இருநூறு ஆண்டுகளில் ஐரோப்பியர்கள் இந்தச் சொல்லை ஒரு சாதிக்கு மட்டும் அல்லாமல், தீண்டத்தகாதவர்களாக வைக்கப்பட்ட எல்லாருக்கும் போட ஆரம்பித்தார்கள். அதோடும் நிற்கவில்லை. சொந்தக்காரர் இல்லாத தெருநாய் 'பரையா டாக்' ஆனது. குப்பைமேட்டைச் சுற்றும் பருந்து 'பரையா கைட்' ஆனது. மட்டமான சாராயம் 'பரையா அரக்'. 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் ஆங்கிலோ-இந்திய அகராதியில் சாராயத்துக்கே தனிப்பதிவு உண்டு. நாட்டு நாய்களைப் பற்றிய கட்டுரைகளில் இன்றைக்கும் 'இந்தியன் பரையா டாக்' என்ற பெயரைப் பார்க்கலாம். எது மட்டமோ, எதற்கு உரிமையாளர் இல்லையோ, அதற்கெல்லாம் இந்தப் பெயர்.

பாரிஸில் ஒரு புனிதர்

இதுவரைக்கும் நீங்க எதிர்பார்த்த கதைதான். இனிமேதான் எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. ஐரோப்பாவுல இந்தச் சொல் நேரா வசையா மாறல. நடுவுல ஒரு ஐம்பது, அறுபது வருஷம் அது ஒரு கதாநாயகனோட பேரா இருந்துச்சு.

1791, பிரெஞ்சுப் புரட்சிக் காலம். பெர்னார்தேன் த சேன்-பியேர் என்ற எழுத்தாளர் 'இந்தியக் குடிசை' என்று ஒரு சிறு நூலை வெளியிடுகிறார். லண்டனிலிருந்து ஓர் அறிஞர் உண்மையைத் தேடி உலகம் சுற்றுகிறார். ஜகந்நாதம் போய் அங்கே பெரிய குருவிடம் கேட்கிறார். திருப்தி இல்லை. திரும்பும் வழியில் புயல். ஒதுங்க இடம் கொடுப்பது ஒரு பறையரின் குடிசை. அத்தனை நூலகங்களிலும் கிடைக்காத பதில் அந்தக் குடிசையில் கிடைக்கிறது. எழுதியவர் மொரீஷியசில் இருந்திருக்கிறாரே தவிர, இந்தியாவுக்கு வந்ததில்லை.

அந்தப் புத்தகம் நன்றாகப் பரவியது. 1821இல் பாரிஸில் காசிமிர் தெலவீன் எழுதிய 'பரையா' நாடகம் மேடையேறியது. 1829இல் நேப்பிள்ஸில் தொனிசெத்தி அதே பெயரில் ஓர் ஓபரா போட்டார். கதே 'பரையா' என்ற தலைப்பில் மூன்று கவிதைகள் கொண்ட தொகுதியை 1824இல் வெளியிட்டார். அதில் நடுக் கவிதையின் கதை என்ன தெரியுமா? கற்பின் வலிமையால் குடம் இல்லாமலே தண்ணீர் கொண்டு வருகிற ஒரு பெண். ஒரு கணம் மனம் கலைகிறது, தண்ணீர் திரளவில்லை. தலை வெட்டப்படுகிறது. அவசரத்தில் மகன் அந்தத் தலையை வேறொரு பெண்ணின் உடலோடு பொருத்திவிடுகிறான்.

ஆமா, ரேணுகா தேவி கதைதான். நம்ம மாரியம்மன் கதை. பாண்டிச்சேரிப் பக்கம் இருந்த சொன்னெரா என்கிற பிரெஞ்சுப் பயணி எழுதின நூல் வழியா அது கதே கைக்குப் போயிருக்கு.

இதே சமயத்தில் பெர்லினில் மிஷேல் பேர் என்ற இளம் யூத எழுத்தாளர், 1823இல், 'பரையா' என்று ஒரு நாடகம் போடுகிறார். மேடையில் இந்தியா. ஆனால் பார்த்தவர்களுக்குப் புரிந்துவிட்டது, அவர் பேசுவது பிரஷ்ய நாட்டு யூதர்களைப் பற்றி. 1812இல் குடியுரிமை தந்துவிட்டு, 1822இல் பல்கலைக்கழக வேலைக்கு வரக்கூடாது என்று கதவை மூடிய நாடு அது.

1838இல் ஃப்ளோரா த்ரிஸ்தான் என்ற பெண் இந்தச் சொல்லைத் தன் மேலேயே போட்டுக்கொண்டார். 'ஒரு பரையாவின் பயணங்கள்' என்பது அவருடைய நூல். அப்பா பெருவைச் சேர்ந்தவர். பெற்றோர் திருமணத்தைப் பிரெஞ்சுச் சட்டம் ஏற்கவில்லை, அதனால் சொத்து இல்லை. கொடுமைக்காரக் கணவனை விட்டு வெளியே வந்தார். பிரான்ஸில் விவாகரத்தை 1816இலேயே ஒழித்துவிட்டதால், அவரிடமிருந்து சட்டப்படி பிரிய வழியில்லை. அந்த நூல் வந்த அதே ஆண்டு கணவன் அவரை நடுத்தெருவில் சுட்டான். பிழைத்துக்கொண்டார்.

நூறு வருடம் கழித்து, நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி, எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் நியூயார்க் வந்த ஹன்னா ஆரெண்ட், 1944இல் யூதரைப் பரையாவாகப் பார்க்கும் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். அவருக்கு முன்பே மாக்ஸ் வெபர் யூதர்களைப் 'பரையா மக்கள்' என்று குறித்திருந்தார். ஆரெண்ட் அதற்கு வேறொரு வெளிச்சம் கொடுத்தார். தான் ஒதுக்கப்பட்டவன் என்பதை அறிந்து, அதை ஒளிக்காமல் எதிர்த்து நிற்பவன். அவர் காட்டிய நான்கு உதாரணங்களில் சார்லி சாப்ளினும் ஒருவர்.

இவங்க எல்லாருக்கும் பரையான்னா யாரு? தப்பே செய்யாம ஒதுக்கப்பட்டவர். குற்றம் ஒதுக்கினவங்க பக்கம்தான். அர்த்தம் அதுவரைக்கும் அப்படித்தான் நின்னுச்சு.

ஆனா ஒண்ணைக் கவனிங்க. இந்த வரிசையில ஒரு பறையர்கூட இல்ல. பிரெஞ்சுப் பெண்ணோட வலிக்கு, பெர்லின் யூதரோட வலிக்கு அந்தப் பேர் உதவுச்சு. அந்தப் பேருக்குச் சொந்தமானவங்க மதுராந்தகம் பக்கம் நாத்து நட்டுக்கிட்டு இருந்தாங்க.

அதே நேரத்தில் சென்னையில்

அவங்க சும்மாவும் இல்ல. இதே சொல்லை வச்சு சென்னையில ஒரு பெரிய விவாதம் நடந்துச்சு. சுவாரசியம் என்னன்னா, அந்த விவாதத்தோட ரெண்டு பக்கமும் நின்னவங்க மைத்துனர்கள்.

ஒருவர் இரட்டைமலை சீனிவாசன். செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். 1891இல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893இல் ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பறையன்'. மூடி மறைக்கவில்லை. இந்தப் பெயரை வைத்துத்தான் நம்மை அடிக்கிறார்கள், நான் இன்னார் என்று பயமில்லாமல் முன்வந்து சொன்னால்தான் உரிமை கேட்க முடியும் என்பது அவர் வாதம்.

இன்னொருவர் அவர் சகோதரியின் கணவர், அயோத்திதாச பண்டிதர். ராயப்பேட்டையில் சித்த வைத்தியர், பௌத்தர், பெரும் படிப்பாளி. அவர் அந்தப் பெயரையே ஏற்கவில்லை. அது பகைவர்கள் நம்மேல் சுமத்தியது, நாம் இந்த மண்ணின் பூர்வ பௌத்தர்கள், பூர்வ தமிழர்கள் என்றார். 1907இல் அவர் தொடங்கிய பத்திரிகையின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. அடுத்த ஆண்டு அது 'தமிழன்' ஆனது.

ஒருத்தர் பேரை நிமிர்த்தப் பார்த்தார், ஒருத்தர் கழட்டி எறியப் பார்த்தார். யார் சரின்னு என்னைக் கேட்காதீங்க, அதைச் சொல்ற இடத்துல நான் இல்ல. ஆனா பேரைப் பத்தி முடிவு பண்ணவேண்டியது அந்தப் பேரைச் சுமக்கிறவங்கன்னு ரெண்டு பேருமே நின்னாங்க.

பிறகு 1922இல் எம்.சி.ராஜா சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தின் பேரில், அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதில் ஆதி திராவிடர் என்று எழுத முடிவானது.

அந்தத் தம்பி சொன்ன பத்திரம் ஞாபகம் இருக்கா? அவர் கொள்ளுத்தாத்தா பேரு எப்படி எழுதப்பட்டதுங்கிறதுக்கு இந்தத் தேதி முக்கியம். இன்னொண்ணும் இருக்கு. 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹியர், அந்த மாவட்டத்துப் பறையர்கள் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். நிலம் இல்லாததுதான் ஆணிவேர் என்பது அதன் சாரம். அதைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணைதான் நாம் இன்று பஞ்சமி நிலம் என்று சொல்வதன் தொடக்கம். ஐரோப்பாவில் இந்தச் சொல்லுக்குக் கவிதை கிடைத்தது. இங்கே அந்தச் சொல்லைச் சுமந்தவர்கள் கேட்டது நிலம், பள்ளிக்கூடம், பொதுக்கிணறு.

குற்றவாளி ஆன கதை

இப்போ நான் நாலு தடவை சொன்ன 'பரையா ஸ்டேட்'டுக்கு வருவோம்.

1970களில் சர்வதேச அரசியல் பேசுகிறவர்கள் இந்தத் தொடரைப் பரவலாகப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். உலக நாடுகள் ஒதுக்கிவைத்த நாடு என்று பொருள். அந்தப் பட்டியலில் முதலில் வந்த பெயர்களில் ஒன்று, நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்கா. 1974இல் ஐ.நா. பொதுச்சபை அந்த நாட்டுப் பிரதிநிதிகளை அமரவிடாமல் நிறுத்தியது. தென்னாப்பிரிக்கா ஒரு 'பரையா' என்று உலகமே எழுதியது.

இந்த இடத்துல நான் படிக்கிறதை நிறுத்திட்டேன். யோசிச்சுப் பாருங்க. தோல் நிறத்தை வச்சு மனுஷங்களை ஊருக்கு வெளியே தனிக் குடியிருப்புல வச்ச அரசாங்கம் அது. தனி கிணறு, தனி பள்ளிக்கூடம், தனி சுடுகாடு மாதிரியான ஏற்பாடு. அந்த அரசாங்கத்தைத் திட்டுறதுக்கு உலகம் எடுத்த சொல், ஊருக்கு வெளியே சேரியில வைக்கப்பட்டவங்களோட பேரு.

இன்னும் இருக்கு. 1860 நவம்பரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதல் கப்பல். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் இப்படிப் பல கப்பல்கள். பயணிகள் பதிவேட்டில் பெயர், அப்பா பெயர், வயது, ஊர் எல்லாம் உண்டு. சாதிக்கும் ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில் பல இடங்களில் எழுதியிருப்பது இந்தச் சொல்தான். அந்தக் கூலிகளின் பேரப்பிள்ளைகள்தான் 1950இல் வந்த குடியிருப்புப் பகுதிச் சட்டத்தால் வீடுகளிலிருந்து துரத்தப்பட்டவர்கள். தாத்தாவின் பெயருக்கு எதிரே எழுதிய சொல்லைத்தான், பேரனைத் துரத்திய அரசாங்கத்துக்கு வசையாகக் கொடுத்தார்கள்.

இரட்டைமலை சீனிவாசனும் 1900களின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்கா போய், அங்கே நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். இந்தச் சொல் எந்தெந்த மொழியில் எப்படியெல்லாம் ஒலிக்கும் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

தென்னாப்பிரிக்கா மாறிவிட்டது. சொல் நிற்கவில்லை. 2018 அக்டோபரில் பத்திரிகையாளர் ஜமால் கஷோகி இஸ்தான்புல் சவூதித் துணைத் தூதரகத்துக்குள் கொல்லப்பட்டார். 2019 நவம்பரில் வேட்பாளர் விவாதத்தில் ஜோ பைடன், சவூதியை அதற்கு விலை கொடுக்க வைப்பேன், அவர்களைப் பரையா ஆக்குவேன் என்ற பொருளில் பேசினார். 2022 ஜூலையில் ஜெத்தா போய்ப் பட்டத்து இளவரசரோடு முஷ்டி தட்டிக்கொண்டார். பத்திரிகைகள் மறுபடியும் அதே சொல்லைத் தலைப்பில் போட்டன. நானும் அதைத்தான் எடுத்துப் பேசினேன்.

எங்க மாறிச்சுன்னு பார்த்தீங்களா? பழைய அர்த்தத்துல பரையா தப்பு செய்யாதவர், ஒதுக்கினவங்கதான் தப்பு. புது அர்த்தத்துல பரையாதான் கொலைகாரர், ஒதுக்குறவங்க நியாயவான்கள். அதாவது 'ஒதுக்கினதுல ஒரு நியாயம் இருக்கு, அவன் ஏதோ செஞ்சிருக்கான், அதான் ஒதுக்கி வச்சிருக்காங்க'ங்கிற எண்ணம் அந்தச் சொல்லுக்குள்ள நுழைஞ்சிடுச்சு. இதே எண்ணம்தான் நம்ம ஊர்ல தீண்டாமைக்கும் சாக்கு. போன ஜென்மத்துல ஏதோ பண்ணியிருப்பாங்கன்னு சொல்றதும் இதுவும் வேற வேற இல்ல. ஆங்கிலச் சொல், நவீன அரசியல், ஐ.நா. சபை எல்லாம் சேர்ந்து கடைசியில நம்ம ஊர்ப் பழைய பொய்யையே திரும்பச் சொல்லுது.

சொன்னவருக்குத் தெரியாதே?

பைடனுக்கு இதெல்லாம் தெரியுமா? தெரிஞ்சிருக்காது. ஒரு லண்டன் பத்திரிகையாளருக்கும் தெரிஞ்சிருக்காது. சொல்லோட பூர்வீகம் தெரியாம பேசுறது எல்லாரும் செய்றதுதான். வில்லன்னு சொல்றப்போ நாம யாரும் இங்கிலாந்து குடியானவனை நினைக்கிறது இல்ல.

ஆனா அந்தக் குடியானவன் இன்னைக்கு அடி வாங்கல. பறையர் சமூகத்துப் பிள்ளைங்க வாங்குறாங்க. அந்தச் சொல் இங்க இன்னும் வசையா வீசப்படுது. அதனாலதான் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துல, பொது இடத்துல சாதியைச் சொல்லி இழிவுபடுத்துறது குற்றமா இருக்கு. மலேசியாவிலும் அது வசைதான். 1971இல் வந்த 'இன்டர்லோக்' என்கிற மலாய் நாவலை 2011இல் பள்ளிப் பாடமாக வைத்தபோது, அதில் இந்தச் சொல் இருந்ததற்காக அங்குள்ள இந்தியர்கள் போராடினார்கள். ஆண்டு முடிவில் அந்த நூல் பாடத்திட்டத்திலிருந்து விலக்கப்பட்டது.

ஒரே சொல். ஒரு தெருவுல சொன்னா வழக்குப் பதிவாகும். அதே தெருவுல டீக்கடை பெஞ்சுல கிடக்கிற ஆங்கிலப் பேப்பர்ல தலைப்பா வரும். லண்டன்காரருக்குத் தெரியாதுன்னு விடலாம். தமிழ் பேசுற எனக்கு என்ன சாக்கு? எனக்கு 'ற' கேட்டிருக்கணும்.

கடைசியாக

அந்தத் தம்பிக்குப் பதில் எழுதினேன். மன்னிப்புக் கேட்டேன். பழைய எபிசோடுல அந்த நாலு இடத்தையும் திருத்தி, 'உலகம் ஒதுக்கி வச்ச நாடு'ன்னு பேசி ஏத்திடறேன்னு சொன்னேன். அவர் அனுப்பின பதிலை அவர் அனுமதியோட சொல்றேன். "திருத்துங்கண்ணா. ஆனா சத்தமில்லாம திருத்திட்டுப் போயிடாதீங்க. ஏன் திருத்துனீங்கன்னும் சொல்லுங்க."

அதுக்குத்தான் இந்த எபிசோட். பழைய எபிசோட் திருத்தின வடிவத்துல இப்போ இருக்கு. தொடக்கத்துலயே ஏன் திருத்தினோம்னு ஒரு குறிப்பும் பேசிச் சேர்த்திருக்கோம்.

அந்தப் பத்திரத்தைப் பத்தியும் கேட்டேன். அது ரெண்டு ஏக்கர் நிலத்தோட பத்திரமாம். கொள்ளுத்தாத்தா பேரு இருக்கு, பேருக்குப் பின்னாடி அந்தச் சொல் இருக்கு. இன்னைக்கு அந்த நிலம் அவங்க கையில இல்ல. எப்படிப் போச்சுன்னு வீட்டுல ஆளுக்கு ஒரு கதை சொல்றாங்களாம். அவங்க அம்மா அந்தப் பத்திரத்தை பிளாஸ்டிக் கவர்ல சுத்தி பீரோவுல வச்சிருக்காங்க. சொல்லை அழிச்சிட்டா பத்திரமும் போயிடும் இல்லையாண்ணா, அதனால அப்படியேதான் வச்சிருக்கோம்னு சொன்னார்.

உங்க வீட்டுப் பழைய பத்திரங்கள்ல, ரேஷன் கார்டுல, பள்ளிச் சான்றிதழ்ல உங்க பெரியவங்க பேரு எப்படி எழுதியிருக்குன்னு ஒரு தடவை எடுத்துப் பாருங்க. என்ன சாதியா இருந்தாலும் பாருங்க. யார் பேருக்குப் பின்னாடி அது பட்டமா இருக்கு, யாருக்கு அடையாளமா இருக்குன்னு தெரியும். சொல்லணும்னு தோணினா எங்களுக்கும் அனுப்புங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.